மணலுக்கு ஒரு எஞ்சின், களிக்கு ஒரு எஞ்சின்

பாரிசுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஒரு தை மாதம் ஊருக்கு வந்திருந்தான். காரைக்காலில் இது புதிதல்ல. தெருவுக்கு நாலு வீட்டிலாவது பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஒருவர் இருப்பார். அங்கே வாரக் கடைசியில் நண்பர்களோடு மலைக்காட்டுப் பாதைகளில் டர்ட் பைக் ஓட்டுகிறவன். வந்த மூன்றாம் நாளே கேட்டான்.

“மாமா, இங்க ஒரு வண்டி வாங்கிப் போட்டுடலாம்னு பாக்குறேன். டூ ஸ்ட்ரோக்தான். முந்நூறு சிசி வாங்கவா, இருநூத்தம்பதா?”

“மலை எங்கடா இருக்கு இங்க?”

சிரித்தான். ஆனால் என் கேள்வி விளையாட்டுக்குக் கேட்டதல்ல. காரைக்கால் ஏறக்குறைய 160 சதுர கிலோமீட்டர். கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்தில், காவிரியின் கிளைகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் படுத்திருக்கிற ஊர். அரசலாறு, நாட்டாறு, திருமலைராஜனாறு எல்லாம் நம்மைத் தாண்டித்தான் கடலில் விழுகின்றன. இங்கே மேடு என்று பெயர் வாங்கியவை கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு போன்ற மீனவர் ஊர்கள். பெயரில்தான் மேடு. பாறை பார்க்க வேண்டுமென்றால் பேருந்து ஏற வேண்டும். ஐரோப்பிய மலைக்காரர்கள் எழுதிவைத்த வண்டித் தேர்வு அறிவுரை இந்த மண்ணில் பாதிதான் செல்லும். அந்தப் பாதி எது என்பதை எஞ்சினிடம் கேட்டுப் பயனில்லை, மண்ணிடம்தான் கேட்க வேண்டும்.

மறுநாள் விடிகாலையில் அவனைக் கடற்கரைக்கு அழைத்துப்போனேன். படகுகள் கரையேறும் இடத்தில் மீன் ஏலம் முடிந்திருந்தது. ஒரு வியாபாரி தன் பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பரின் பின்னால் ஐஸ் பெட்டியை ரப்பர் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். படகுத்துறையிலிருந்து தார்ச்சாலைவரை நூறு அடிக்கு மேல் பொலபொல மணல். புறப்படும்போது மட்டும் இரண்டு காலாலும் தரையை உந்தினார். வண்டி நகர்ந்ததும் பெட்டியை உரசுகிற மாதிரி பின்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். ஆக்சிலேட்டரை முறுக்கிய முறுக்கில் அப்படியே பிடித்துக்கொண்டார், விடவுமில்லை, கூட்டவுமில்லை. ஹேண்டில் பாம்பு போல நெளிந்தது. அதை அடக்க அவர் முயலவே இல்லை. நீலப் புகையை விட்டுவிட்டுச் சாலை ஏறிப் போய்விட்டார்.

“இது அம்பது சிசி தானே?” என்றான் மருமகன்.

“எழுபது. மூன்றரை குதிரைத்திறன்.”

நடந்ததைக் கணக்காகப் பார்க்கலாம். தார்ச்சாலையில் சக்கரம் உருளும்போது வண்டி, ஆள் எடையில் நூற்றில் இரண்டு பங்குதான் எதிர்ப்பாக வரும். உலர்ந்த மணலில் அது இருபது, முப்பது பங்குவரை ஏறிவிடும். பெட்டியோடு சேர்த்து எடை 200 கிலோ என்றால் மணல் பின்னுக்கு இழுப்பது சுமார் 500 நியூட்டன். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் இதை வெல்ல 2 கிலோவாட் வேண்டும், அதாவது கிட்டத்தட்ட மூன்று குதிரைத்திறன். அவரிடம் இருந்ததே மூன்றரை. கையில் இருந்த சில்லறையை எண்ணிச் செலவழித்தது போல எஞ்சினைக் கடைசிச் சொட்டுவரை பயன்படுத்தியிருக்கிறார். அதே மணலில் 30 கிலோமீட்டர் வேகம் வேண்டுமென்றால் ஆறு குதிரைத்திறன் சக்கரத்துக்கு வந்து சேர வேண்டும். மணல் என்பது சக்தியைத் தின்கிற மண்.

அவர் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாரே, அதிலும் இயற்பியல் இருக்கிறது. மண் எவ்வளவு உந்தலைத் தாங்கும் என்பதற்கான சூத்திரத்தைத் தந்தவர் ஷார்ல் கூலோம் என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர். மின்னூட்டத்தின் அலகுக்குப் பெயர் கொடுத்த அதே கூலோம்தான். 1773இல் படித்து 1776இல் அச்சான கட்டுரை அது. மண்ணின் பிடிப்பில் இரண்டு பங்கு உண்டு என்கிறது அந்தச் சூத்திரம். ஒன்று, மணிகள் ஒன்றோடொன்று உரசுவதால் வருவது, மேலே எடை கூடக் கூட அதுவும் கூடும். இன்னொன்று, துகள்கள் ஒட்டிக்கொள்வதால் வருவது, அதற்கு எடை ஒரு பொருட்டே இல்லை, பரப்பளவுதான் கணக்கு. உலர்ந்த மணலில் முதல் பங்கு மட்டும்தான் இருக்கிறது. நீர் குடித்த களிமண்ணில் பெரும்பாலும் இரண்டாவது. மணலில் பின்சக்கரத்தின்மீது எடை ஏற ஏற உந்தலும் ஏறுகிறது, முன்சக்கரம் புதையாமல் மிதக்கிறது. மீன் பெட்டி அவருக்குச் சுமையாகவும் இருந்தது, துணையாகவும் இருந்தது.

இனி எஞ்சினுக்கு வருவோம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் இருமுறை ஏறி இருமுறை இறங்கினால் ஒருமுறைதான் வெடிப்பு. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் இறங்கும் ஒவ்வொரு தடவையும் வெடிப்போடுதான் இறங்கும். கேம் இல்லை, வால்வுத் தலை இல்லை. சிலிண்டர் சுவரில் வெட்டிய துளைகளைப் பிஸ்டனே மூடித் திறக்கிறது. பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் அறையே பெட்ரோல் காற்றை மேலே தள்ளும் பம்பு. 1891இல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஜோசப் டே இதற்குக் காப்புரிமை வாங்கினார். இவ்வளவு குறைந்த உறுப்புகளோடு ஓடும் எஞ்சின் அதற்குப் பிறகும் அதிகம் வரவில்லை. எடை குறைந்ததற்கும், ரோட்டோர மெக்கானிக் அரை மணி நேரத்தில் பிரித்துவிடுவதற்கும் இதுவே காரணம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. டெல்டாக்காரர்களுக்கு அதை விளக்க மடையே போதும். வயலில் பழைய தண்ணீரை வடித்துப் புதுத் தண்ணீர் விட வேண்டும். வாய்மடையும் வடிகாலும் ஒரே நேரத்தில் திறந்திருக்கின்றன. என்ன ஆகும்? புதுத் தண்ணீரில் ஒரு பகுதி வரப்போரமாகவே ஓடி நேரே வடிகாலில் விழுந்துவிடும். டூ ஸ்ட்ரோக்கில் எரிந்த புகையைத் தள்ளுவது புதிதாக வரும் பெட்ரோல் காற்றுதான். அதில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சருக்குப் போய்விடும். பழைய கார்புரேட்டர் எஞ்சின்களில் கால் பங்குக்கு மேல்கூடப் போவதுண்டு. 1920களில் அடால்ஃப் ஷ்னூர்லே என்ற ஜெர்மானியர் இரண்டு மடைகளை வடிகாலுக்கு எதிர்த்திசை நோக்கிச் சாய்த்து வைத்தார். தண்ணீர் எதிர்க்கரையில் மோதி, வயலைச் சுற்றிவந்து, பிறகுதான் வடிகாலை எட்டும். டிகேடபிள்யூ நிறுவனம் இந்த முறையைத் தன் வண்டிகளில் வைத்தது. ஷோபாவ் ஊரில் உருவான அதன் ஆர்டி 125ஐப் போருக்குப் பின் உலகமே நகலெடுத்தது. யமஹாவின் முதல் மோட்டார் சைக்கிளான 1955ஆம் ஆண்டு ஒய்ஏ-1 அப்படி வந்த நகல்களில் ஒன்று. அந்தக் குடும்பத்தில் பிறந்ததுதான், 1985 முதல் 1996வரை இங்கே விற்ற, இன்றும் நம் பையன்கள் கோயில் தேர் போலத் துடைத்து வைத்திருக்கிற ஆர்எக்ஸ் 100.

(ஊர்க்காரனாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1ஆம் தேதி காரைக்கால் நிர்வாகத்தைக் கைமாற்றிவிட்டுப் போனார்கள். அவர்களுடைய மோபிலெட் மொபெட், இந்தியாவிலேயே செய்த சுவேகாவாகத் தமிழ்நாட்டுத் தெருக்களுக்கு வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். ஆள் போய் வண்டி வந்த கதை.)

டிகேடபிள்யூவின் அந்த ஷோபாவ் ஆலைதான் பிறகு எம்இசட் என்ற பெயரில் கிழக்கு ஜெர்மனியின் ஆலையாயிற்று. அங்கே வேலை பார்த்த வால்டர் காடன் சைலன்சரையே இரண்டாவது எஞ்சினாக்கினார். நடுவில் வயிறு புடைத்து முனையில் குறுகும் அந்தக் குழாயைப் பார்த்திருப்பீர்கள். வெடிப்பு முடிந்து துளை திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் ஓடுகிறது. குறுகும் முனையில் மோதித் திரும்பி வருகிறது. துளை மூடுவதற்குச் சற்று முன் வந்து சேர்ந்தால், வெளியே தப்பிய பெட்ரோல் காற்றை மறுபடி சிலிண்டருக்குள்ளேயே திணிக்கும். வடிகாலில் ஓடிய தண்ணீரை ஒரு அலை வயலுக்கே திருப்பி அடித்ததுபோல.

நேரம் தப்பினால்தான் தகராறு. எஞ்சின் நிமிடத்துக்கு 8000 சுற்று சுழன்றால் ஒரு சுற்றுக்கு 7.5 மில்லி விநாடி. துளை திறந்திருப்பது அதில் ஏறக்குறைய பாதி. சூடான புகையில் அலை விநாடிக்குச் சுமார் 500 மீட்டர் ஓடும். அந்த மூன்றே முக்கால் மில்லி விநாடியில் போய்வர ஏறக்குறைய 1.9 மீட்டர், அதாவது குழாயின் நீளம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. எந்த டர்ட் பைக்கின் குழாயையும் அளந்து பாருங்கள், அங்கேதான் நிற்கும். இப்போது அதே குழாயோடு எஞ்சினை 4000 சுற்றில் ஓட்டினால் அலை சீக்கிரமே வந்துவிடும். வந்த விருந்தாளி இலை போடும் முன்பே கிளம்பிவிட்ட கதை. இழுவை இருக்காது. மெதுவாகச் சுற்றைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அலையும் துளையும் சந்திக்கும், வண்டி உதைத்துக்கொண்டு பாயும். பையன்கள் ‘பிக்கப்’ என்று மயங்குவது இந்தச் சந்திப்பைத்தான்.

1961இல் எம்இசட்டின் 125 சிசி பந்தய எஞ்சின் 25 குதிரைத்திறன் தந்தது. லிட்டருக்கு 200. அதே ஆண்டு ஸ்வீடன் பந்தயத்தின்போது அதன் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பினார். குழாயின் ரகசியம் அவரோடு சுசுகிக்குப் போனது, மறு ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுசுகி கைக்கு வந்தது. இது பெரிய கதை, இங்கே இடமில்லை.

நமக்கு வேண்டியது வேறு. இந்தப் பாய்ச்சல் களிமண்ணில் என்ன செய்யும்?

மழைக்காலத்து ஆற்றங்கரை மண்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரக் களியின் ஒட்டுப்பிடி சதுர மீட்டருக்குப் பத்தாயிரம் நியூட்டன் என்று வைத்துக்கொண்டால், உள்ளங்கை அளவுக்குத் தரையைத் தொடும் பின் டயருக்கு, அதாவது 150 சதுர சென்டிமீட்டருக்கு, கிடைக்கும் உந்தல் 150 நியூட்டன்தான். பதினைந்து கிலோவைத் தூக்குகிற பலம். முதல் கியரில் ஆர்எக்ஸ் 100 சக்கரத்துக்கு அனுப்பும் விசையே இதைப்போலப் பல மடங்கு. மருமகன் கேட்கிற முந்நூறு சிசி இன்னும் பல மடங்கு அனுப்பும். ஆனால் களி இருவருக்கும் ஒரே கூலிதான் கொடுக்கிறது. மிச்சமெல்லாம் சக்கரத்தைச் சுழற்றி, டயரின் பள்ளங்களைச் சேற்றால் அடைத்து, முதுகில் கோலம் போடுவதற்குத்தான். பட்டன் டயர் போட்டால் கொஞ்சம் ஆழத்து மண்ணைப் பிடிக்கும், காற்றைக் குறைத்தால் தொடும் பரப்பு கூடும். எஞ்சினால் ஆகக்கூடியது ஒன்றே ஒன்று, களி தாங்கும் அளவைத் தாண்டாமல் மெல்ல மெல்லக் கொடுப்பது.

நம் ஊரில் ஆர்எக்ஸ் வாங்கியதும் முதல் வேலையாகப் ‘போர்ட் வெட்ட’க் கொடுத்துவிடுகிறார்கள். புகைத் துளையை மேலே உயர்த்தினால் உச்ச சுற்றில் சக்தி கூடும், உண்மைதான். ஆனால் கீழ்ச் சுற்று செத்துப்போகும். இருந்த இழுவை எல்லாம் ஓர் இடத்தில் குவிந்து, அந்த இடம் வந்ததும் வண்டி எகிறும். நேரான நாற்கரச் சாலையில் அது சுகம். வரப்பில் அதுவே நீச்சல் பயிற்சி. மண்பாதைக்கு வண்டி எடுக்கிறவர் வெட்டாத சிலிண்டராகப் பார்த்து எடுப்பதே நல்லது. வேகம் குறைந்தாலும் பரவாயில்லை என்று பின் ஸ்ப்ராக்கெட்டில் பல்லைக் கூட்டினால் போதும்.

இப்போது முந்நூறுக்கும் இருநூற்றைம்பதுக்கும் வரலாம். கேடிஎம் 300 இஎக்ஸ்சியின் சிலிண்டர் விட்டம் 72 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டமும் 72. 250இல் ஓட்டம் அதே 72, விட்டம் மட்டும் 66.4. பிஸ்டனின் மேல்பரப்பு பெரிதானதால் முந்நூறு குறைந்த சுற்றிலேயே தள்ளும், முறுக்காமலே ஏறும். மலைக்காரர்கள் முந்நூறைக் கொண்டாடுவது அதன் 54 குதிரைத்திறனுக்காக அல்ல, இந்தச் சோம்பேறித்தனத்துக்காக. 125 சிசி பந்தய வண்டி நேர் எதிர். அது எப்போதும் கத்திக்கொண்டே இருந்தால்தான் ஓடும். மணலில் அதை ஓட்ட ஆனந்தமாக இருக்கும். களியில் கண்ணீர். பெரிய சிலிண்டர்க்காரர்களும் துளையின் உயரத்தைச் சுற்றுக்கேற்ப மாற்றும் பவர் வால்வு, கனமான ஃப்ளைவீல் என்று பல வேலை செய்கிறார்கள். எல்லாம் பாய்ச்சலை அடக்கத்தான். மலைப்பாதைக்காரர்கள் தானாகப் பிடித்து விடும் மையவிலக்கு கிளட்சைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கி மாட்டுகிறார்கள். சுற்று ஏற ஏறத்தான் அது பிடிக்கும், அதனால் எஞ்சின் நிற்காது, சக்கரமும் திடீரென்று உதறாது. 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50இல் அதே தத்துவம் இலவசமாகவே இருந்தது. கிளட்ச் கம்பியே இல்லாத வண்டி. நாற்று முடியும் உர மூட்டையும் வரப்பில் போனது அதனால்தான்.

மருமகனுக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. அந்த வண்டிகளின் இருக்கை உயரம் 960 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், ஆர்எக்ஸில் 765. பாறையும் மரக்கட்டையும் தாண்ட முந்நூறு மில்லிமீட்டர் அமுங்குகிற சஸ்பென்ஷன் வேண்டும், அதனால் அந்த உயரம். பாறை இல்லாத ஊரில், சேற்றில் நிற்கும்போது கால் எட்டுவதுதான் பெரிய வசதி. ஐரோப்பாவில் எண்பலகை வாங்கி ஓட்டுகிற இந்த வண்டிகளை இங்கே பதிவு செய்ய முடியாது. தனியார் தடத்தில் ஓட்டலாம், அவ்வளவுதான். அதற்கு வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். காரைக்காலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அரை மணிப் பயணம், அதற்கு எதற்கு லாரி? பிஒய் 02 எண்ணோடு, புதுப்பித்த ஆர்சியோடு, வெட்டாத சிலிண்டரோடு ஒரு ஆர்எக்ஸ் கிடைத்தால் அதுவே இந்த மண்ணுக்குப் போதும். அதுவும் நூறு கிலோ, இதுவும் நூறு கிலோ. சிலிண்டர்கூட ஒரே சாயல், 50க்கு 50 மில்லிமீட்டர் சதுர வாகு. பதினோரு குதிரைத்திறன் மணலுக்கு எட்டும், களிக்கோ அதுவே மிச்சம். இது என் தீர்ப்பு. மருமகன் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை.

இருந்தாலும் பார்க்கப் போனோம். ஊரில் எல்லோரும் ‘நானா’ என்று கூப்பிடும் பழைய மெக்கானிக் ஒருவர், விற்பதற்கு இருந்த வண்டி ஒன்றைக் காட்டினார். மருமகன் ஸ்டார்ட் செய்யப் போனான். நானா கையைக் காட்டி நிறுத்தி, முதலில் பிளக்கைக் கழற்றினார். டூ ஸ்ட்ரோக்குக்கு நாடி அதுதான். பீங்கான் மூக்கு காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் எரிவது சரி. வெள்ளையாக வெளுத்திருந்தால் எங்கோ காற்று கசிகிறது, பிஸ்டன் ஓட்டையாகும். கறுத்து எண்ணெய் பிசுபிசுத்தால் பெட்ரோலோ ஆயிலோ கூடுதல், சைலன்சரில் கரி ஏறியிருக்கும். இது காப்பிப்பொடிக்குச் சற்றுக் கறுப்பு. “மெயின் ஜெட்டு பெருசா போட்டிருக்கான் தம்பி, ஒரு நம்பர் எறக்கிக்கலாம்” என்றார்.

பிறகு அவர் ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்தார். என்னைக் கேட்டால், கடலோரத்தில் டூ ஸ்ட்ரோக் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நான்கு ஸ்ட்ரோக்கில் மணல் புகுந்தால் நேரே சிலிண்டருக்குப் போய் வளையத்தைத் தேய்க்கும். டூ ஸ்ட்ரோக்கிலோ உறிஞ்சும் காற்று முதலில் கிராங்க் அறைக்குள் போகிறது. கனெக்டிங் ராடின் பெரிய முனையில் ஊசி ஊசியாக உருளும் பேரிங் அங்கேதான் இருக்கிறது. அதற்குத் தனி ஆயில் குளம் கிடையாது, பெட்ரோலோடு வரும் டூ-டி ஆயிலின் பனிதான் உயிர். டிவிஎஸ் 50 காலத்தில் லிட்டருக்கு 20 மில்லி ஊற்றி, வண்டியை இடமும் வலமும் குலுக்கிக் கலப்பார்களே, அந்த ஆயில்தான். ஆர்எக்ஸில் அதற்குத் தனிப் பம்பு இருக்கிறது. கடற்கரை மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ், எஃகுக்கு நிகரான, சிலசமயம் அதையும் மிஞ்சுகிற கடினம். ஒரு சிட்டிகை உள்ளே போனால் பேரிங்குக்கு அது உப்புத்தாள்.

வண்டியை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்ற பேச்சு வந்தது. “அறுத்த வயல்ல ஓட்டலாமே மாமா, காலியாத்தானே கிடக்கு” என்றான். காலி இல்லை. சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம் முன்பே, நிற்கிற பயிருக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தில் அது முளைத்து நிற்கும். தாளுக்கு நடுவே இரண்டு இலையோடு நிற்பதை வண்டியிலிருந்து பார்த்தால் தெரியாது. வரப்பும் அப்படித்தான், பட்டன் டயர் ஒரு முறை கிழித்தால் அடுத்த தண்ணீர் அந்த வழியே போய்விடும். கடற்கரையில் அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் பிடித்து நிறுத்தியிருக்கும் மேட்டு மணலில் ஏறக்கூடாது. அதே மாதங்களில்தான் பங்குனி ஆமை இரவில் கரையேறி அந்த மணலில் முட்டையிட்டுவிட்டுப் போகிறது. மிஞ்சியது படகுகள் ஏற்கெனவே உழுத துறை மணலும், மண்லாரிகள் போய்வரும் ஆற்றங்கரைத் தடங்களும்.

ஒரு மாலை முழுக்க அங்கே ஓட்டினான். இரண்டு முறை சாய்ந்தான். மூன்றாம் முறை மணலில் பின்னால் நகர்ந்து உட்கார்ந்து, ஹேண்டிலை நெளியவிட்டுப் போனதைப் பார்த்தேன்.

வீடு வந்ததும் ஃபில்டர் நுரையைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசினோம். எண்ணெயில் நனைத்த நுரை என்பதால் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தது. தட்டைச் சாய்த்து மண்ணெண்ணெயை வடித்தான் மருமகன். அடியில் தங்கியதை விரலால் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தான். நறநறவென்றது. “இன்னொரு தடவ அலசிடுறேன் மாமா” என்று மறுபடி உட்கார்ந்துகொண்டான்.